வீட்டுக்கு ஓர் ஓய்வுநாள்: கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கான முழு வழிகாட்டி

வாரத்தில் ஒரு நாள் வீடே வேலையை விட்டு உட்கார வேண்டும் என்று ஆசைப்படாத குடும்பம் இல்லை. எங்கள் கிறிஸ்தவ சபையில் புதிதாகக் கல்யாணமானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் இதை ஆவலோடு ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்தில் கைவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து "இன்னைக்கு ஓய்வு" என்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த நாளுக்கான வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கடைசியாக உட்காருகிறவர் யாரோ, அவர் உட்கார்ந்த நேரத்திலிருந்துதான் ஓய்வு ஆரம்பிக்கிறது. பல வீடுகளில் ஞாயிறு என்றால் ஆண்களுக்குத் தூக்கம், பிள்ளைகளுக்கு விளையாட்டு, அம்மாவுக்கு மட்டும் மற்ற ஆறு நாளைவிட அதிக வேலை. அதற்கு ஓய்வுநாள் என்று பெயர் வைக்க முடியாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கடைசி ஆளை நினைத்து எழுதியது.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம், வேதாகமம் சொல்லும் ஓய்வுநாளை வைத்துத்தான் செய்கிறோம். வேறு வழிபாட்டில் இருப்பவர்கள் ஜெபம் வரும் இடத்தில் தங்கள் வழிபாட்டை வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் பொருந்தும். அமாவாசையன்று ஏர் பூட்டாமல் மாட்டை நிறுத்தி வைத்த சீமை இது. கொத்தனார்கள் இன்றைக்கும் அன்று வேலைக்கு வருவதில்லை.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். நாலாவது படியை விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போனவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

கணவன் மனைவி இருவரும் மனமொத்துச் சம்மதிக்க வேண்டும். மாமனார் மாமியாரோடு இருந்தால் அவர்களிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். "இனிமே ஞாயித்துக்கிழமை நான் சமைக்க மாட்டேன்" என்று மருமகள் சொன்னால் அது சண்டையில் முடியும். "அத்தை, ஞாயித்துக்கிழமை நீங்களும் அடுப்படிக்கு வரவேண்டாமுங்க, எல்லாம் சனிக்கிழமையே பண்ணி வச்சர்றோம்" என்று மகன் சொன்னால் வேறு மாதிரி போகும். பேச வேண்டியவர் மகன்.

அப்புறம் தினசரி காலண்டர் ஒன்று, ஒரு நோட்டு, மூடி போட்ட டப்பாக்கள் சில, போன்களைப் போட்டு வைக்க ஒரு பெட்டி. காசு செலவாகும் பொருள் எதுவும் வேண்டியதில்லை.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமையை அப்படியே எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றாமல், ஒரு ஞாயிறு எப்படிப் போகிறதோ அப்படியே நோட்டில் எழுதுங்கள். நேரம், வேலை, செய்தவர் பெயர். வெள்ளென எழுந்து பால் காய்ச்சுவதில் ஆரம்பித்து, கறிக்கடை வரிசை, பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஆராதனைக்குக் கிளப்புவது, வந்ததும் சின்ன வெங்காயம் உரிப்பது, மசாலா வறுத்து அரைப்பது, மத்தியானப் பாத்திரம், யூனிபார்ம் தேய்ப்பது, பொழுதோட (சாயங்காலம்) மாவு ஆட்டுவது வரை எல்லாம் வரட்டும்.

எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாய்ப்பேச்சில் "நானும்தான் வேலை செய்யறேன்" என்ற வாதம் வரும். தாளில் ஒரே பெயர் பத்துப் பன்னிரண்டு வரியில் வந்தால் வாதம் நின்றுவிடும். எந்தெந்த வேலையை முந்தின நாளுக்குத் தள்ளலாம் என்பதும் அந்தத் தாளிலேயே தெரியும்.

2. தொழிலுக்கு ஏற்ற நாளைப் பிடியுங்கள்

ஞாயிறுதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யூதர்களுக்கு வெள்ளி பொழுது சாய்வதிலிருந்து சனி இரவு வரை. ஏழாம்நாள் சபையாருக்கும் சனிதான். எங்களைப்போல ஆராதனை ஞாயிறில் இருப்பவர்களுக்கு ஞாயிறு வசதி.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களில் பலருக்கு வாரச் சம்பளம் சனிக்கிழமை பொழுதோடதான் கைக்கு வரும். மளிகையும் காய்கறியும் அதற்குப் பிறகுதான் வாங்க முடியும். அவர்கள் சனி இரவில் தொடங்க நினைத்தால் முதல் வாரமே தடுமாறும். ஞாயிறு காலை ஆராதனைக்குப் பிறகு தொடங்கித் திங்கள் காலை வரை வைத்துக்கொள்வது நல்லது.

ஈரோடு ஜவுளிச் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்களுக்கு திங்கள் இரவே வியாபாரம் ஆரம்பித்துவிடும். ஞாயிறு அவர்களுக்கு மூட்டை கட்டும் நாள். புதன்கிழமை அவர்களுக்குத் தோது. புளியம்பட்டி வியாழன் சந்தையை நம்பியிருப்பவர்கள் புதனையும் வியாழனையும் விட்டுவிட வேண்டும். சந்தை நாளும் அதற்கு முந்தின நாளும் எந்தக் காலத்திலும் ஓய்வுநாள் ஆகாது.

கம்பெனியில் வாரம் முழுக்க இழுக்கிறார்கள் என்றால், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொட்டே உள்ள உரிமை. கேட்கத் தயங்காதீர்கள்.

வழக்கமான தவறு, "எந்த நாள் சும்மா இருக்கோ அந்த நாள்" என்று விடுவது. அப்படி ஒரு நாள் வரவே வராது. நாளைக் குறித்துவிட்டால்தான் மற்ற வேலைகள் அதைச் சுற்றி ஒதுங்கும்.

3. எது நிற்கும், எது நிற்காது என்று முன்பே பிரித்துவிடுங்கள்

கறவை மாடு இருக்கும் தோட்டத்தில் "எல்லா வேலையும் நிறுத்தம்" என்று சொல்ல முடியாது. மாடு இரண்டு வேளையும் கறக்கணும், பால் சொசைட்டிக்குப் போகணும். ஓய்வுநாளில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதை இயேசுவே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார் (லூக்கா 13). உயிர் காக்கும் வேலை நிற்காது: மாடு, கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் பெரியவர், மருந்து.

ஆனால் அந்த வேலையைச் சுருக்கலாம். சோளத்தட்டைச் சனிக்கிழமையே கட்டுத்தரைக்குப் பக்கத்தில் எடுத்துப் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். பசுந்தீவனத்தைச் சாப் கட்டரில் நறுக்கி வைப்பதானால் குவித்து வைக்காதீர்கள், சூடேறிவிடும். நிழலில் பரப்பிப் போடுங்கள். காலையில் ஒருவர் கறந்தால் பொழுதோட வேறொருவர். இரண்டு வேளையும் ஒரே ஆள் என்றால் அவருக்கு அன்றும் வேலைநாள்தான்.

நிற்க வேண்டியவை: கணக்கு வழக்கு, துணி துவைப்பது, கடைக்குப் போவது, வீட்டைக் கழுவிவிடுவது, டியூஷன், கம்பெனிப் பேச்சு. இந்தப் பட்டியலைப் பிள்ளைகளே எழுதி ஒட்டட்டும். பெரியவர்கள் மீறும்போது அவர்களே பிடித்துவிடுவார்கள்.

வேலைக்காரம்மாவுக்கும் அன்று லீவு, சம்பளப் பிடித்தம் இல்லாமல். உபாகமம் 5-இல் ஓய்வு நாளுக்குச் சொல்லும் காரணமே அதுதான்: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். நமக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காக இன்னொரு பெண்ணை ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் தேய்க்க வரச் சொல்வது அந்த வசனத்துக்கு நேர் எதிர்.

4. ஆயத்தநாள்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

யாத்திராகமம் 16-இல் இஸ்ரவேலர் ஆறாம் நாளில் ஆளுக்கு இரண்டு பங்கு மன்னா (வனாந்தரத்தில் தேவன் கொடுத்த ஆகாரம்) சேர்த்தார்கள். சுடுவதையும் வேகவைப்பதையும் முந்தின நாளே முடித்தார்கள். அந்த இரட்டைப் பங்குதான் மறுநாளை ஓய்வாக்கியது. நம் வீட்டிலும் அதே கணக்குதான். ஆனால் இரட்டைப் பங்கையும் ஒரே ஆள் தலையில் சனிக்கிழமை ஏற்றினால், ஞாயிற்றுக்கிழமை அவர் ஓய்ந்திருக்க மாட்டார், களைத்துக் கிடப்பார். அதனால் வேலையை மூன்று நாளாகப் பிரியுங்கள்.

வியாழன்: துணி துவைத்து முடியட்டும். வெள்ளி பொழுதோட: மடித்து, திங்கட்கிழமைக்கான யூனிபார்மையும் தேய்த்து மாட்டிவிட வேண்டும். சனிக்கிழமைக்கென்று துணி மிச்சம் வைத்தால், மழை வந்தால்கூட அது ஞாயிறுக்குள் நுழைந்துவிடும்.

சனி காலை: மளிகை, காய், கேஸ் சிலிண்டர், நல்ல தண்ணி. குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும் ஊர்களில் ஞாயிறு முறை வரும் வாரத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்று குடம் பிடிப்பது ஆண்கள் வேலை.

சனி மத்தியானம்: பிள்ளைகளின் வீட்டுப்பாடம். இதை ஞாயிறு இரவுக்கு விடும் வீடுகளில் அன்று எட்டு மணிக்கு மேல் சார்ட் பேப்பருக்கு அலைவார்கள். "திங்கக்கிழமை என்ன கொண்டு போகணும் கண்ணு?" என்ற கேள்வியைச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு தனியாகச் சொல்ல வேண்டியது. நம் ஊரில் ஞாயிறு என்றால் கறி. சின்ன வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து, குழம்பு, வறுவல், ரசம் என்று அடுப்படியிலேயே பாதி நாள் போய்விடும். கறியைச் சனி ராத்திரிக்கு மாற்றுங்கள். முதல் மாதம் முணுமுணுப்பு இருக்கும், அப்புறம் சனி ராத்திரிக்கே பிள்ளைகள் காத்திருப்பார்கள். மிச்சக் குழம்பை, அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிஜ்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் பரிமாற வேண்டும். ஆக்கிய சோற்றையும் ராத்திரி முழுக்க வெளியே விடாதீர்கள்.

ஞாயிறு மத்தியானத்துக்கு அரிசிம்பருப்புச் சாதத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. நம்ம ஊர் சமையலில் ஓய்வுநாளுக்கென்றே அமைந்தது மாதிரி இருக்கும். சனி பொழுதோட, ஓய்வு தொடங்கும் முன்பே, செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு டம்ளர் அரிசியும் அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேலாகத் துவரம்பருப்பும் ஒரே டப்பாவில் அளந்து போட்டு மூடுங்கள். இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு உரித்து மூடி போட்டு ஃபிரிஜ்ஜில் வையுங்கள். மிளகு, சீரகம் பொடித்து ஒரு சின்னக் கிண்ணத்தில். இதில் நேரம் பிடிப்பது வெங்காயம் உரிப்பது மட்டும். அதை வீட்டில் எல்லாருமாகச் சுற்றி உட்கார்ந்து செய்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவிட்டு உரித்தால் தோல் லேசாக வரும், சின்னப் பிள்ளைகளும் செய்வார்கள். மறுநாள் தாளித்து, தக்காளி ஒன்றிரண்டு வதக்கி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்போடு எல்லாம் போட்டு ஏழு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரை மூடினால் நாலு விசில். அதைத் தாளிப்பவர் அப்பாவாகவோ மூத்த பிள்ளையாகவோ இருக்கட்டும். நெய், தயிர், அப்பளம் போதும்.

காலைக்கு மாவு. சனி காலையில் ஆட்டிப் பொழுதோட புளித்ததும் ஃபிரிஜ்ஜில் வைத்தால் ஞாயிறு தோசைக்குச் சரியாக இருக்கும். கோடைக்காலத்தில் வெளியே மறந்துவிட்டால் பொங்கி வழிந்துவிடும். ஒப்புட்டு, சந்தவை மாதிரி கைவேலை அதிகம் உள்ளவற்றை அன்றைக்கு ஆசைப்படாதீர்கள், நோம்பிக்கு (பண்டிகைக்கு) வைத்துக்கொள்ளலாம்.

மத்தியானம் வாழையிலையில் சாப்பிடுங்கள். தட்டு கழுவும் வேலை போகும், இலை மாட்டுக்குப் போகும்.

தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு வரி: ஆள்களுக்குக் கூலியைச் சனிக்கிழமை பொழுது இருக்கும்போதே கொடுத்து முடியுங்கள். கூலிக்காக ஞாயிறு காலையில் ஒருவர் வாசலில் வந்து நின்றால் இரண்டு வீட்டு ஓய்வும் கெடும்.

5. ராத்திரியில் தொடங்குங்கள்

ஆதியாகமத்தில் நாள் சாயங்காலத்தில்தான் ஆரம்பிக்கிறது. இதில் நடைமுறைக்கான பலனும் இருக்கிறது. சனி இரவு தொடங்கினால் தூக்கமே ஓய்வின் முதல் பாகம். காலையில் தொடங்கினால் சனி இரவு பன்னிரண்டு வரை மிச்ச வேலையைத் தேய்த்துவிட்டு, ஞாயிறு விடியும்போதே அலுப்போடு எழுவீர்கள்.

நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஏழரை என்றால் ஏழரை. அந்த நேரத்தில் முடியாமல் இருக்கும் வேலை முடியாமலே இருக்கட்டும். விளக்கேற்றி, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, சின்ன ஜெபம், அப்புறம் சாப்பாடு. தொடங்கிவிட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற மாதிரி ஏதாவது ஓர் அடையாளம் இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் "இன்னும் ஒரே ஒரு வேலை" என்று இழுத்துக்கொண்டே போகும்.

6. போனை அடக்குவது

சனி மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பனியன் தொழிலில் இருப்பவர்கள் "பையர் (சரக்கு வாங்குகிறவர்) கூப்பிடுவாரே" என்று பயப்படுகிறார்கள். வெளிநாட்டு பையருக்குப் பெரும்பாலும் ஞாயிறு லீவு. ஞாயிறு கூப்பிடுவது சாயப்பட்டறை, காஜா பட்டன், செக்கிங் மாதிரி உள்ளூர் ஜாப் ஒர்க்காரர்கள்தான். அவர்களிடம் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே பேசி முடித்துவிட்டால் மறுநாள் மணி அடிப்பது பெரிதும் குறையும்.

ஜிஎஸ்டி வரிக்கணக்கான மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 20-ஆம் தேதி. அது ஞாயிறில் விழும் மாதத்தைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு, வெள்ளிக்குள் முடித்துவிடுங்கள்.

எல்லா போனும் பெட்டிக்குள். ஒரு போன் மட்டும் மணியடிக்கிறபடி வெளியே, இணையம் அணைத்து. வயசான அப்பா அம்மா ஊரில் இருந்தால் அந்த நம்பரைக் கொடுங்கள். முழுக்க அணைத்துவிட்டால் "அவசரம்னா என்ன பண்றது" என்ற கவலையே ஓய்வைக் கெடுக்கும்.

7. ஒரம்பரையும் (உறவினர்) விசேசமும்

கொங்குநாட்டில் ஓய்வுநாள் அதிகம் உடைகிற இடம் இதுதான். கல்யாணம், காதுகுத்து, புண்ணியார்ச்சனை (புதுமனை புகுவிழா), கெடா விருந்து எல்லாம் ஞாயிறில் வந்து விழும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே நாளில் மூன்று பத்திரிகை இருக்கும்.

பத்திரிகை வந்த அன்றே முடிவெடுங்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், சீர் செய்ய வேண்டிய முறைக்காரர் வீடு என்றால் குடும்பத்தோடு போகத்தான் வேண்டும். அந்த வாரம் ஓய்வு நாளைத் திங்கள் பொழுதோடயோ வேறு நாளுக்கோ மாற்றிக் காலண்டரில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அந்த வாரத்துக்கு இல்லை என்றாகிவிடும். தூரத்துப் பழக்கம் என்றால் ஒருவர் மட்டும் போய் மொய் வைத்துவிட்டு வரலாம், அல்லது முந்தின நாளே: "மாமா, நாளைக்கு வர முடியாதுங்க, அதான் இன்னைக்கே புள்ளையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க." முன்னாலேயே வந்து பார்த்தவரை யாரும் குறை சொல்வதில்லை. வராமலும் சொல்லாமலும் இருந்தால்தான் மனத்தாங்கல்.

எழவுக்குக் கணக்கே பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டானது.

சொல்லாமல் வரும் ஒரம்பரைக்கு அரிசிம்பருப்பில் ஒரு டம்ளர் கூடப் போடுங்கள், போதும். வந்தவர்களுக்காக ஓடிப்போய்க் கோழி பிடித்தால் அன்று முழுக்க அடுப்படிதான். வந்தவரும் உங்களோடு திண்ணையில் உட்காரட்டும்.

8. அந்த நாளை நிரப்பாதீர்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேலையை நிறுத்தியதும் "எங்காவது போலாம்" என்கிறார்கள். கொடிவேரி, திருமூர்த்தி மலை, ஊட்டி. ஞாயிறு கூட்டத்தில் மலைப்பாதை ஏறி இறங்கி, ராத்திரி பத்து மணிக்கு ஈரத்துணியோடு வந்து சேர்ந்தால், அந்தத் துணியைத் துவைப்பதும் அதே ஆள்தான். ஊர் சுற்றல் நல்லதுதான், ஆனால் முதல் இரண்டு மாதம் வேண்டாம்.

ஆராதனை, சாப்பாடு, மத்தியானத் தூக்கம், வெயில் தாழ்ந்ததும் வாய்க்கால் கரையிலோ தென்னந்தோப்பிலோ ஒரு நடை. அம்மாயியிடம் (பாட்டியிடம்) பல்லாங்குழியோ தாயமோ கற்றுக்கொள்ளலாம். பிள்ளைகள் "போரடிக்குது" என்பார்கள். உடனே டிவி போடாதீர்கள். கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு அவர்களே ஏதாவது கண்டுபிடிப்பார்கள்.

கணவன் மனைவி அன்று கடன், நகை, நில விவகாரம் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சனி காலையில் நேரம் ஒதுக்கினால் இது முடியும்.

9. முடிவுக்கும் ஒரு நேரம் வையுங்கள்

ஞாயிறு பொழுது சாய்ந்ததும் ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்துவிடுங்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து அரைமணி நேரம்: பாத்திரம், பள்ளிக்கூடப் பை, மறுநாளைக்கு மாவு. ராத்திரி வரை இழுத்துக்கொண்டு போனால் திங்கள் விடியலில் எல்லா வேலையும் ஒன்றாக வந்து மோதும். பலர் "ஓய்வெடுத்ததால்தான் திங்கட்கிழமை நாசமாச்சு" என்று விடுவது இந்த அரைமணி நேரத்தைத் தவறவிட்டதால்.

10. முதல் எட்டு வாரம்

முழுநாளில் ஆரம்பிக்காதீர்கள். முதல் நாலு வாரம் சனி இரவிலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை போதும். அது நிலைத்தால் சாயங்காலம் வரை நீட்டுங்கள்.

மஞ்சள் வெட்டு, கரும்பு வெட்டு வரும்போது தடுமாறும். யாத்திராகமம் 34 விதைப்பிலும் அறுப்பிலும்கூட ஓய்ந்திருக்கச் சொல்கிறது. ஆனால் வெட்டும் ஆள்கள் வரும் தேதி நம் கையில் இல்லாதபோது நாளை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றலாம், அந்த வாரத்தை விட்டுவிட மட்டும் வேண்டாம்.

எட்டு வாரம் கழித்து, முதல் படியில் செய்த மாதிரி இன்னொரு ஞாயிறை எழுதிப் பாருங்கள். அதே பெயர் இன்னும் அதிக வரிகளில் இருந்தால், அதில் ஒரே ஒரு வேலையை எடுத்து வியாழனுக்கோ வெள்ளிக்கோ மாற்றுங்கள், அல்லது வேறு பெயருக்கு மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒன்று. அடுத்த மாதம் அடுத்தது.